பேசாத படங்களைப் பெங்களூரு சேர்ந்து பார்க்கட்டும்

சிங்கீதம் சீனிவாசராவ் 1987இல் இயக்கிய 'புஷ்பக விமானா'வில் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. கமல்ஹாசனும் அமலாவும் நடித்த அந்தப் படத்தைப் பெங்களூரில், வின்ட்சர் மேனர் ஓட்டலில் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் அது 'பேசும் படம்', வடக்கே 'புஷ்பக்'. பெயர்தான் மாறியது, டப்பிங்குக்கு வேலையே இல்லை. நல்ல பொழுதுபோக்கு வெகுஜனப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும் இந்த ஊரில், எல்லோரையும் ஒரே நொடியில் சிரிக்க வைக்கும் கலை அது. அதன் மூலவேரான மௌன நகைச்சுவைக் குறும்படங்களை நம் பொது அரங்குகள் மாதம் ஒருமுறையாவது திரையிட வேண்டும்.

'செல்போனிலேயே கிடைக்கிறதே, அரங்கு எதற்கு?' என்று கேட்கலாம். மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920) குறும்படத்தையே எடுத்துக்கொள்வோம். புதுமணத் தம்பதி, பெட்டிகளில் வந்த பாகங்களைப் பொருத்தி வீடு கட்டுகிறார்கள். பொறாமைக்காரன் ஒருவன் பெட்டி எண்களை மாற்றிவிட, வீடு கோணல்மாணலாக எழும்புகிறது. கடைசியில் அதை இழுத்துப் போகும்போது தண்டவாளத்தில் சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது; இருவரும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயிலோ பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சுவிடும்போது எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூளாக்குகிறது. அந்த வீட்டோடு சுமார் 20 நிமிடம் மல்லுக்கட்டியவர்களை உடனிருந்து பார்த்தவருக்குத்தான் அந்த நிம்மதியும் அதிர்ச்சியும் சிரிப்பாகும். அரை நிமிடத் துண்டாக வெட்டிப் பார்த்தால் மிஞ்சுவது வெறும் மோதல். கூட்டத்தோடு பார்க்கும்போது ஒருவர் சிரிப்பு அடுத்தவரைத் தொற்றிக்கொள்ளும் சுகமும் செல்போனில் இல்லை.

அடுத்தவர் விழுந்தால் சிரிப்பது மட்டமான ரசனை என்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் 'பேசும் படம்' நாயகனே பதில். அவன் வேலையில்லாதவன். சினிமா தியேட்டரை ஒட்டிய மட்டமான அறையில் குடியிருந்தவன். நட்சத்திர ஓட்டலில் போய்த் தங்கும்போது, அங்குள்ள அமைதியில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. பழைய இடத்துக்கே போய், தியேட்டர் சண்டைக் காட்சியின் இரைச்சலை டேப்பில் பதிந்து வந்து ஓடவிட்ட பிறகுதான் தூங்குகிறான். அரங்கு சிரிக்கிறது, அந்தச் சிரிப்புக்குள் அவன் அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் புரிந்துவிடுகிறது. நல்ல உடல் நகைச்சுவை மனிதனைக் கேவலப்படுத்துவதில்லை, அவன் பாட்டைக் கண்முன் நிறுத்துகிறது.

கன்னடம் கற்காமல் காலம் தள்ள இந்தத் திரையிடல் இன்னொரு சாக்காகுமோ என்ற கவலை நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. மௌனப்பட காலத்தில் நம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று, காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்தட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்ல ஆள் இருந்தார். அதேபோல இன்று ஒருவர் கன்னடத்தில் படித்துச் சொல்லட்டும். எளிய வாக்கியங்கள் காட்சியோடு சேர்ந்து காதில் பதியும். இந்தியச் சட்டப்படி திரைப்படக் காப்புரிமை வெளியான பின் 60 ஆண்டுகள்தான் என்பதால், 1920களின் படங்களுக்கு உரிமைத் தொல்லையும் இல்லை. பனசங்கரியின் சுசித்ரா திரைப்படச் சங்கமும் அல்சூரின் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் கைகோத்தாலே போதும், இதைத் தொடங்கிவிடலாம். மொழியின் பெயரால் முறுக்கிக்கொள்ளும் அண்டைவீட்டார் ஒரே வரிசையில் உட்கார்ந்து சிரித்துவிட்டால், மறுநாள் பேச்சைத் தொடங்க அவர்களுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிடும்.