பறிமுதல் பட்டியலில் இல்லாத கிருமி

மேசையில் வலி நிவாரண மாத்திரை அட்டைகள், பக்கத்தில் சிரிஞ்சுகள், பின்னால் முகம் மறைத்த இளைஞர்கள். வடசென்னைச் செய்திகளில் இந்தப் படம் வழக்கமாகிவிட்டது. டேபென்டடால் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். எத்தனை மாத்திரை சிக்கியது, எத்தனை பேர் கைது என்பதெல்லாம் போலீஸ் செய்திக் குறிப்பில் இருக்கும். ஒரே சிரிஞ்சு எத்தனை கை மாறியது என்ற தகவல் மட்டும் இருக்காது.

இருக்க வேண்டும். நோய்த்தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி இன்னொருவரைக் குத்தினால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சி என்றால் சுமார் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 வரை போகலாம். மருத்துவமனை ஊழியர்களுக்குப் பாடமாகச் சொல்லித்தரப்படும் இந்த மூன்று எண்களை அரசு அலுவலகச் சுவர்களில் எழுதி வைக்கலாம். எச்ஐவிக்கு நாம் பயப்படுகிறோம், அது நியாயம்தான். அதைவிடப் பத்து மடங்கும் நூறு மடங்கும் எளிதாகத் தொற்றுபவற்றை ‘மஞ்சள் காமாலை’ என்ற ஒரே பெயரில் போட்டு மறந்துவிட்டோம். ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். ஹெபடைடிஸ் சி சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் தாங்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

சென்னைக்கு இது புதிய சேதியும் இல்லை. 2005-06இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற தொண்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இங்கே ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்வோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள். ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். நாலில் ஒருவருக்கு எச்ஐவி. பாதிக்கு மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் சி. நாடு முழுவதும் வயது வந்தோரில் எச்ஐவி 0.2 சதவீதம்தான், ஊசிப் போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் 2021 கண்காணிப்பில்கூட அது 9 சதவீதம்.

எச்ஐவி விஷயத்தில் தமிழகம் தலைநிமிர்ந்து நடந்த வரலாறு உண்டு. 1986இல் நாட்டின் முதல் தொற்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் செய்த ஆய்வில் தெரியவந்தது. 1994இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது, பிறகு எச்ஐவி பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்கள் திறந்தன. 2001 வாக்கில் கர்ப்பிணிகளிடம் ஒரு சதவீதத்தைத் தாண்டியிருந்த தொற்று இன்று கால் சதவீதத்துக்கும் கீழே.

கல்லீரல் நோய்க்கு அந்த அக்கறை எங்கே போனது? இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்னது. அதில் தனக்கு நோய் இருப்பது தெரிந்தவர்கள் 2.4 சதவீதம். நூறில் மூன்று பேர்கூட இல்லை! மற்றவர்கள் கண் மஞ்சளாகும்வரை காத்திருக்கிறார்கள். நாள்பட்ட தொற்றில் பலருக்கும் அது மஞ்சளாவதே இல்லை. கல்லீரல் சுருங்கிய பிறகுதான் தெரியவருகிறது. அதுவரை கீழாநெல்லி. 1988இல் சென்னை ஆய்வொன்று கீழாநெல்லியால் ஹெபடைடிஸ் பி கிருமி மறைந்ததாக லான்செட் இதழில் எழுதியது உண்மை. பிற்பாடு நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை என்பதும் உண்மை.

ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால், பன்னிரண்டு வார மாத்திரையில் நூறில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் முழுதாகக் குணமாகிறார்கள். பஞ்சாப் 2016இலேயே இதை இலவசமாக்கி, மாவட்ட மருத்துவமனைப் பொது மருத்துவர்களின் கையிலேயே ஒப்படைத்தது. சிகிச்சையை முடித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறினார்கள். மத்திய அரசின் திட்டம் 2018 ஜூலையில் வந்துவிட்டது. ஆக, மருந்து இருக்கிறது. அதற்குரியவர்களில் பலரோ போலீஸுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார்கள்.

ஊசிப் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சுத்தமான சிரிஞ்சு கொடுத்தால் போதை பெருகும் என்கிறார்கள் சிலர். ஆணுறை கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்று சொன்னவர்களின் வாரிசுகள் இவர்கள். அன்று அந்தப் பேச்சுக்குச் செவி சாய்த்திருந்தால் எத்தனை ஆயிரம் பேரை இழந்திருப்போம்? ஊசி வழங்குவதும் மாற்று மருந்து சிகிச்சை தருவதும் குற்றமாகாது என்று 2017 எச்ஐவி சட்டமே சொல்கிறது. சட்டம் தெரியாமல் பேசுவோரிடம் வாதிட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மணலி ஆலைகளுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் நடுவே, வெள்ளம் வந்தால் துண்டிக்கப்படும் சடையங்குப்பத்தில் வசிக்கும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று ஸ்டான்லி மருத்துவமனைக்கு அலைந்தால் இரண்டு நாள் கூலி போகும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2011இல்தான் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு வந்தது. இன்று இருபது வயதைத் தாண்டிய பலர் அதைப் போட்டுக்கொள்ளாமலே வளர்ந்தவர்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுநரும் இவர்களில் உண்டு, ஊசியைத் தொட்டே பார்க்காதவரும் உண்டு.

நம்பிக்கை மையத்தில் எச்ஐவிக்கு எடுக்கும் அதே ரத்தத்தில் பி, சி இரண்டையும், சம்மதம் கேட்டு, பார்த்துவிடலாம். கைதானவர்களுக்கும் அந்த வாய்ப்பைத் தர வேண்டும், முடிவு வழக்குக் கோப்புக்குப் போகக் கூடாது. இதை நாளைக்கே தொடங்கினால் வடசென்னையில் ஹெபடைடிஸ் சியை வெகுவாகக் குறைக்கலாம். பி தடுப்பூசிக்கு மூன்று தவணை, ஆறு மாதம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கன்டெய்னர் யார்டு வாசலிலும் மணலி தொழிற்சாலை வாசல்களிலும் மேசை போட்டு அதைத் தொடங்க, நல்வாழ்வுத் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும்.