எடை, மாற்று, எழுத்து

'கொக்கா' என்று ஒரு பத்திரிகை. சிரிக்காதீர்கள், ஜப்பானிய மொழியில் 'நாட்டின் மலர்' என்பது போல் பொருள் வரும். ஒகாகுரா தென்ஷினும் தகாஹாஷி கென்ஸோவும் 1889-ல் தொடங்கிய கலைப் பத்திரிகை இது. இன்றும் வருகிறது. 1905 முதல் 1918 வரை இதற்கு ஓர் ஆங்கிலப் பதிப்பும் இருந்தது.

"சொந்தக் கலையைப் பற்றி எழுத ஆங்கிலம் எதற்கு?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். என் கட்சி வேறு.

1868-ல் மெய்ஜி ஆட்சி வந்ததும் அங்கே பழசு என்றாலே இளப்பம். புத்தர் கோயில்கள் பல சிதைந்தன. சிலைகளும் ஓவியங்களும் அடிமாட்டு விலைக்குப் போயின. டோக்கியோவில் பாடம் நடத்த 1878-ல் வந்த அமெரிக்கர் ஃபெனலோசா சேர்த்த ஓவியங்கள் இன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாங்குகிறவன் மொழியில் நம் பொருளின் கதையை நாம் சொல்லாவிட்டால், விலையையும் அவனே சொல்லிவிடுவான். ஆங்கிலப் பதிப்பின் நியாயம் அதுதான் என்பேன்.

வங்கியில் நகைக்கடன் பார்க்கிறவனுக்கு இது நன்றாகப் புரியும். மதிப்பீட்டாளர் எடை பார்ப்பார், மாற்று பார்ப்பார், கல்லைக் கழிப்பார். பாட்டியின் அட்டிகையில் இருக்கும் வேலைப்பாட்டுக்குக் காலணா கிடையாது. அவர் மேல் தப்பில்லை. எழுத்தில் இல்லாததற்கு அவர் எப்படி மதிப்பு போடுவார்?

ஜப்பானியர்களுக்கு இந்தப் பழக்கம் பத்திரிகைக்கு முன்பே உண்டு. நல்ல தேநீர்க் கிண்ணத்தை மரப்பெட்டியில் வைத்து, மூடியில் அதன் பெயரை எழுதுவார்கள். எழுத்துள்ள பெட்டி இருந்தால் கிண்ணத்தின் விலையே வேறு.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. டச்சுக் கப்பல்களில் போன சோழமண்டலக் கரைத் துணியில் தேநீர்ச் சாமான்களுக்கு உறை தைத்தார்கள். சாயம் தீட்டிய துணிக்கு 'சரசா' என்று பெயர். கோடு போட்ட பருத்திக்கு 'சான்தோமே', நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான்! ஹிகோனேயின் ஈ குடும்பம் சேர்த்த சுமார் 450 சரசாத் துண்டுகள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் வீடுகளில் அந்தக் காலத் துணி ஒரு முழம் தேறுமா?

கொக்காவின் ஆங்கிலப் பதிப்பு வெளியாருக்காக வந்தது. ஊர் விட்டு ஊர் வந்த நம் வீட்டில் அந்த வெளியார், நம் பிள்ளைகள்தான். இந்தியும் ஆங்கிலமும் சரளம், தமிழ் எழுத்துக்கூட்டித்தான். பரண்மேல் இருக்கும் பித்தளை அடுக்கும் வெண்கலப் பானையும் அவர்களுக்கு வெறும் எடை.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படம், யார் வாங்கியது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது, அவ்வளவுதான். தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளைக்கு அவர்கள் பழைய பாத்திரக் கடையில் போட்டாலும் போடட்டும், இன்னது என்று தெரிந்து போடட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? சொல்லுங்களேன்.