ஒழுகியது கூரையன்று!

கனடா நாட்டின் டொராண்டோ நகரில், மகள் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பிய தாய் ஒருவர் நம்மிடம் கூறிய செய்தி இது.

சனவரி மாதம். வெளியே மழை இல்லை; கடுங்குளிர் மட்டுமே. ஆயினும் குளியலறையின் உட்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முந்தைய இலையுதிர்காலத்தில்தான் கூரையைச் செப்பனிட்டிருந்தார்கள். செப்பனிட்டவரோ அதே பங்கைச் சேர்ந்த தமிழர். "ஏமாற்றிவிட்டார்" என்று மருமகன் கொதித்தெழுந்தார். தொலைபேசியில் கடுஞ்சொற்கள் பறந்தன. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நின்று அளவளாவிய இரு குடும்பங்களும் வெவ்வேறு வாயில் வழியே வெளியேறத் தொடங்கின.

தாய்தான் முதலில் கவனித்தார். "மாப்பிள்ளை, பிள்ளைகள் வெந்நீரில் குளித்த பிறகுதான் சொட்டுகிறது. அதுவும் விசிறி இருக்கும் இடத்தில் மட்டுந்தான், பார்த்தீர்களா?" என்றார்.

இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும் இல்லத்தரசியர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். நீராவி குளிர்ந்த பொருளைத் தொட்டால் நீராக மாறும். நீராவி நிறைந்த 25 பாகை வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 23 கிராம் நீரைத் தாங்கும். அதே காற்று 0 பாகைக்குக் குளிர்ந்தால் 5 கிராம் அளவே தாங்கும். எஞ்சிய 18 கிராம் என்னாகும்? துளிகளாகப் படியும்.

குளிர்நாட்டு வீடுகளில், குளியலறை நீராவியை எக்ஸாஸ்ட் விசிறி ஒரு குழாய் வழியே வெளியேற்றுகிறது. அக்குழாய், கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட குளிர்ந்த பரணைக் கடந்து செல்கிறது. குழாய் போர்வையின்றி இருந்தால் உட்புறம் வியர்க்கும். கடுங்குளிரில் அது உறைந்து நின்று, வெயில் கண்ட நாளில் மொத்தமாக உருகி வழிவதும் உண்டு.

இதற்குச் செய்யத்தக்கவை யாவை?

முதலில் நோயை அறிவோம். மழை பெய்கையில் சொட்டினால் கூரையைப் பார்க்க வேண்டும். குளித்தபின் சொட்டினால் குழாயைப் பார்க்க வேண்டும். விசிறியின் மீது நீர் வழிந்தால் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கை வைக்க வேண்டும்.

குழாய் வளைந்து தொய்யாமல், குறுகியதாகவும் நேராகவும் இருத்தல் நலம். வெளிப்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருந்தால் நீர் வெளியே வடியும். அதன்மேல் கண்ணாடி நார்ப் பஞ்சைச் சுற்றி, ஈரம் புகாத உறையிட வேண்டும். இணைப்புகளை அலுமினியத் தாள் பட்டையால் ஒட்ட வேண்டும். குழாயின் வாய் பரணுக்குள் முடியாமல் வீட்டுக்கு வெளியே திறக்க வேண்டும்; குளிர்காற்று திரும்பி வராமல் அதில் ஒரு மடிப்புக் கதவும் தேவை. குளித்து முடித்தபின் விசிறியை மேலும் 20 நிமிடம் ஓடவிடுவது நன்று. உள்ளே காற்று வரக் கதவின் அடியில் சிறு இடைவெளியும் வேண்டும்.

சொட்டுகிறதே என்று விசிறியின் வாயை அடைத்துவிடுவோர் உண்டு. அது பெருந்தவறு. வழியிழந்த ஈரம் சுவரிலும் மரத்திலும் ஏறிப் பூஞ்சணம் பூக்கும்; இழுப்பு நோயுள்ள பிள்ளைகளை அது வாட்டும். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் வாழும் நம் குடும்பங்களும் இதை நினைவிற்கொள்ளலாம்.

அந்த வீட்டில் நடந்தது என்ன? மருமகன் அந்தத் தொழிலாளரின் இல்லத்திற்கே சென்று மன்னிப்புக் கேட்டார். கடுஞ்சொல் அவரைப் புண்படுத்தியிருந்தது. ஆயினும் மறு சனிக்கிழமை வந்தார். பரணில் ஏறிப் பார்த்தபோது, குழாய் வெற்றுடம்பாய், நடுவில் தொய்ந்து, நீர் தேங்கிக் கிடந்தது. அதை மாற்றிப் பஞ்சு சுற்றினார். உரிய கூலியை வாங்கிக்கொண்டார். தாய் கொடுத்த காப்பியையும் மறுக்காமல் அருந்தினார்.

சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் அவனோடு நல்லுறவு கொள்ளுமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் நமக்குக் கற்பித்தார். குழாயைச் சீர்செய்ய ஒரு பகல் போதுமாயிருந்தது. ஆனால், ஆராயாமல் உதிர்த்த ஒரு சொல்லைச் சீர்செய்ய அந்த மனிதர் ஒருவர் வாயிற்படியில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. இனி நம் வீட்டில் எது ஒழுகினாலும், யார்மீதும் பழி சொல்லுமுன் சற்றே அண்ணாந்து பார்ப்போம்.