பஸ் இருக்கு சார்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டில் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஒன்று, ஸ்வீட் கொடுப்பார்கள். இரண்டு, அந்த ஸ்வீட்டைத் தின்ற அத்தனை பேரும் கமிட்டி மெம்பர் ஆகிவிடுவார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா, எதிர்வீட்டு ரிட்டயர்ட் தாசில்தார், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் வரை ஆளாளுக்கு ஒரு கோர்ஸ் சொல்வார்கள். பையனை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். அவன்தான் படிக்கப்போகிறவன், அவனுக்கென்ன தெரியும்?

2025 மே மாதம் எங்கள் அக்கா வீட்டில் கூடிய கமிட்டிக்கு அடியேன்தான் தலைவர். தகுதி? சென்னையில் வேலை. சட்டையை இன் பண்ணிப் போடுகிறேன். போதாதா?

"மாப்ளே, பையன் நானூத்தி எழுபத்திரெண்டு. கணக்குல தொண்ணூத்தி நாலு. நீ வந்தாத்தான் முடிவு" என்று போனில் அத்தான்.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார். "அக்கா பையன் பிளஸ் டூ பாஸ் சார்" என்றேன். "அடப்பாவமே!" என்று உடனே கையெழுத்துப் போட்டார். அவர் பெண் அதற்கு முந்தின வருஷம்தான் பாஸ் பண்ணியிருந்தாள்.

உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடிந்ததும் தஞ்சாவூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், கூடத்தில் வழவழவென்று ஒரு புத்தகம். பைபாஸ் ரோட்டில் இருக்கும் தனியார் கல்லூரி ஒன்றின் பிராஸ்பெக்டஸ். அட்டையில் கோட் போட்ட நாலு பிள்ளைகள் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். (வானத்தில் என்ன இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஃபீஸ்!)

விஷயம் இதுதான். பையனுக்கு பி.எஸ்ஸி. கணக்கு படிக்க ஆசை. அதில் சண்டையில்லை. எங்கே படிப்பது என்பதில்தான் சண்டை. அத்தானுக்கு பைபாஸ் ரோடு. பையனுக்குப் பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு கலைக் கல்லூரி.

"கவர்மென்ட் காலேஜா? நாலு பேர் கேட்டா என்னத்த சொல்றது?" என்றார் அத்தான்.

"நாலு பேரும் சேர்ந்து ஃபீஸ் கட்டுவாங்களாப்பா?" என்றான் பையன். வாய் எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது.

அத்தானிடம் இருப்பது மொத்தம் மூன்று மா நிலம். அதாவது, ஒரு ஏக்கர். வாய்க்கால் ஓரத்து ஒரு மாவை விற்றுவிடுவது என்று ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டார். அக்கா ஒன்றுமே பேசவில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

முதலில் கணக்கு போடுவோம் என்று பேப்பர் எடுத்தேன். பைபாஸ் ரோட்டில் ஃபீஸ் ஐம்பத்தைந்தாயிரம், பஸ் இருபதாயிரம், 'ஸ்கில் டிரெயினிங்', யூனிஃபார்ம் வகையறா பதினைந்தாயிரம். ஆக, வருஷம் தொண்ணூறாயிரம். மூன்று வருஷத்துக்கு இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.

அரசு கல்லூரியில் இளங்கலைக்கு டியூஷன் ஃபீஸே கிடையாது. ஸ்பெஷல் ஃபீஸ், பரீட்சைக் கட்டணம் என்று வருஷத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பஸ் பாஸ் இலவசம். அதற்கு மேல் ஒரு கூத்து. 2024 ஆகஸ்ட்டில் 'தமிழ்ப் புதல்வன்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் மேலே படித்தால் மாதம் ஆயிரம் ரூபாய். (பெண்களுக்கு 2022-லேயே 'புதுமைப் பெண்'.) எங்கள் பையன் அரசுப் பள்ளி. ஆகவே, அங்கே நாம் காசு கட்ட வேண்டும். இங்கே அவன் கைக்குக் காசு வரும்!

(அவசரப்படாதீர்கள். அந்த ஆயிரம், தனியார் கல்லூரிக்குப் போனாலும் உண்டு. அத்தான் இதைக் கண்டுபிடித்து என்னை மடக்கிவிட்டார்.)

"அப்ப ஒண்ணு கேக்கறேன் அத்தான். பைபாஸ் ரோட்டுல படிச்சா யாரு டிகிரி குடுப்பா?"

"அந்தக் காலேஜ்தான்."

இல்லை. தன்னாட்சி வாங்காத கல்லூரியென்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள், டிகிரி எல்லாமே பல்கலைக்கழகத்தினுடையது. இந்தப் பக்கத்துக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். இந்த இரண்டு கல்லூரிகளுமே அதன் கீழ் வருபவை. இரண்டு பக்கமும் ஒரே சிலபஸ், ஒரே கேள்வித்தாள். சர்ட்டிஃபிகேட்டிலும் ஒரே முத்திரை.

அத்தான் யோசித்தார். ஆனால், மசியவில்லை. "கும்பகோணம் மாதிரி பெரிய கவர்மென்ட் காலேஜா இருந்தாலும் பரவாயில்ல மாப்ளே. ராமானுஜமே அங்கதான் படிச்சார்."

"அங்கதான் ஃபெயிலும் ஆனார் அத்தான்" என்றேன். உண்மைதான். 1904-ல் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பெரிய காலேஜ் என்பதற்காக மார்க் தானாக வந்து விழுந்துவிடாது.

சரி, இரண்டையும் நேரில் பார்த்துவிடுவோம் என்று தீர்மானம் நிறைவேறியது.

*

பைபாஸ் ரோட்டில் ஏ.ஸி. ஹாலில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தார்கள். டை கட்டிய இளைஞர் ஒருவர் சுவர் முழுக்க மாட்டியிருந்த போட்டோக்களைக் காட்டி, "எல்லாம் பிளேஸ்மென்ட் சார்" என்றார்.

"இதுல பி.எஸ்ஸி. கணக்கு எத்தனை பேர்?"

"அது... ட்ரஸ்ட் லெவல்ல வர்ற ஃபிகர் சார்." அதாவது, பக்கத்து காம்பவுண்டில் இதே ட்ரஸ்ட் நடத்தும் இன்ஜினீயரிங் கல்லூரிப் பிள்ளைகள்!

"கணக்கு டிபார்ட்மென்ட்டுல வாத்தியார்ங்க எத்தனை வருஷமா இருக்காங்க?"

"யங் அண்ட் டைனமிக் டீம் சார்!" வருஷா வருஷம் ஆள் மாறுகிறது என்பதற்கு இவ்வளவு அழகான இங்கிலீஷை நான் கேட்டதில்லை. பிஸ்கட் மட்டும் நன்றாக இருந்தது.

மறுநாள் அரசு கல்லூரிக்குப் புறப்பட்டோம். நானும் பையனும் மட்டும். அத்தானுக்கு 'முதுகுவலி'. டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட். நாற்பத்தைந்து நிமிஷப் பயணம். பாதி வழியில் பையன் கேட்டான்.

"மாமா, உங்க ஆபீஸ்ல யாராச்சும் எந்த காலேஜ்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

இதுவரை உங்களிடமும் சொல்லவில்லை. நான் பி.காம். படித்தது அதே கல்லூரியில்தான். 1998-லிருந்து 2001 வரை. (பெயரை இங்கே எழுதாதது வெட்கத்தினால் அல்ல. கேன்டீன் இல்லை, ஆடு மேய்கிறது என்றெல்லாம் எழுதப்போகிறேன். பிரின்சிபால் வருத்தப்படுவார்.)

அத்தானுக்கும் இது தெரியும். "நீ படிச்சப்ப வேற வழி இல்ல மாப்ளே" என்று ஒரே வரியில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். நானும் பதில் பேசவில்லை. ஏனென்றால், ஆபீஸில் யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில், "தஞ்சாவூர் பக்கம் சார்" என்பதுதான். தஞ்சாவூரைச் சத்தமாகச் சொல்லி, 'பக்க'த்தை விழுங்கிவிடுவேன். இருபத்திநாலு வருஷமாக!

பையனிடம், "டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

*

கல்லூரி அப்படியே இருந்தது. ஒரு புது பில்டிங், ஒரு புது போர்டு. ஆடு மட்டும் வேறு ஆடு என்று நினைக்கிறேன். ஹாஸ்டல் கிடையாது. கேன்டீன் கிடையாது. எதிரே டீக்கடைதான் எல்லாம்.

கணிதத் துறைத் தலைவர் எங்களை உட்காரச் சொன்னார். நான் பழைய மாணவன் என்றதும் சிரித்தார். சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"டிபார்ட்மென்ட்ல நாங்க நாலு பேர் சார். ரெண்டு பேர் பர்மனென்ட், ரெண்டு பேர் கெஸ்ட் லெக்சரர். கம்ப்யூட்டர் லேப்ல பாதி மெஷின் ஓடும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எங்களைத் தேடி எவனும் வர மாட்டான். பசங்களை நாங்கதான் வெளியூருக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டாவது ஷிஃப்ட் கிடைச்சா வீட்டுக்குப் போக இருட்டிடும். அதுக்கெல்லாம் சரின்னா சேருங்க."

பக்கத்தில் நின்றவர் கெஸ்ட் லெக்சரர். பிஎச்.டி. முடித்தவர். எட்டு வருஷமாக இங்கேதான் தொகுப்பூதியத்தில் இருக்கிறார். மே மாதம் சம்பளம் கிடையாது. நாங்கள் போனது மே மாதம்! "பின்னே ஏன் சார் வந்திருக்கீங்க?" என்றேன். மாடியைக் காட்டினார். லீவிலும் ஆறு பையன்கள், மூன்று பெண்கள் போர்டில் எதையோ போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். 'ஜாம்' பரீட்சைக்குத் தயாராகிறார்களாம். பி.எஸ்ஸி. முடித்தவர்கள் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேருவதற்கான நுழைவுத்தேர்வு. பிளஸ் டூவோடு ஐ.ஐ.டி. கதவு சாத்தியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று வருஷம் கழித்து இப்படி ஒரு பக்கவாட்டுக் கதவு இருக்கிறது.

பையனை மாடிக்கு அனுப்பிவிட்டு நான் கேட்டேன். "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா சார்?"

"அதை அவன்தான் முடிவு பண்ணணும். ஒண்ணாவதுலேர்ந்து டிகிரி வரைக்கும் தமிழ்வழின்னா அரசு வேலையில 20 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. 2010-ல வந்த சட்டம். குரூப் டூ மாதிரி டிகிரி கேக்கற வேலைக்கு அது பெரிய விஷயம். ஆனா, ஜாம் எழுதறதுன்னா கேள்வித்தாள் இங்கிலீஷ்ல. எந்தப் பக்கம் போறோம்னு தெரிஞ்சு எடுக்கணும். ஃப்ரெண்டு எடுத்தான்னு எடுக்கக் கூடாது."

பைபாஸ் ரோட்டு பிஸ்கட்டோடு இந்த மாதிரி ஒரு வார்த்தை வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்காக, எல்லா அரசு கல்லூரியையும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்கும் துறையில் ஆளே இல்லை, ஒருவரே எல்லாப் பேப்பரும் எடுக்கிறார் என்றால் வேண்டாம். போக வர நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே கழியும் என்றால் வேண்டாம். பிள்ளைக்குப் பிடித்த பாடமே அங்கில்லை, சீட் கிடைத்ததே என்று எதிலோ தள்ளுவதென்றால் வேண்டவே வேண்டாம். ஆன்லைனில்தான் விண்ணப்பம், பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம். லைப்ரரி எத்தனை மணி வரை, போன வருஷம் முடித்தவர்கள் எங்கே என்று கேளுங்கள். ஆபீஸ் ரூமில் கேட்காதீர்கள், டீக்கடையில் கேளுங்கள். டீக்கடைக்காரர் பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பையன் மாடியிலிருந்து இறங்கி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கை முழுக்கச் சாக்பீஸ் தூள்.

*

ராத்திரி கமிட்டி மறுபடி கூடியது. நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பாதி மெஷின் ஓடாததையும் சேர்த்துத்தான். அத்தான் அதையே பிடித்துக்கொண்டார். "பாத்தியா! ஒரே பையன். அவனுக்கில்லாத நிலம் எனக்கெதுக்கு?" அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த மனுஷன் கௌரவத்துக்காக மட்டும் நிலத்தை விற்கத் துணியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பையன்மேல் பாசம் காட்டினார்.

அப்போதுதான் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அந்தக் காலேஜ்ல சீட் கிடைச்சுது. தமிழ் லிட்ரேச்சர்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். பிளஸ் டூவோடு 'நின்றுவிட்டாள்' என்றுதான் எனக்குத் தெரியும்.

"கார்டு வந்துச்சு. அப்பா பாத்துட்டு, காலையில ஒரு பஸ், ராத்திரி ஒரு பஸ், பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்பறதுன்னுட்டார். மூணு வருஷம் கழிச்சு சாயங்கால பஸ் விட்டாங்க. இவன் போனான்."

யாரும் பேசவில்லை. அக்காவே அத்தான் பக்கம் திரும்பினாள்.

"நிலத்தை விக்க வேணாங்க. அவன் எம்.எஸ்ஸி.க்கு வெளியூர் போறேன்னு நிப்பான், அப்ப பாத்துக்கலாம். இப்பத்தான் அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கே."

கமிட்டி கலைந்தது.

பையன் இப்போது அங்கேதான் படிக்கிறான். முதல் ஷிஃப்ட் கிடைத்தது. இங்கிலீஷ் மீடியம் எடுத்துக்கொண்டான். முதல் செமஸ்டர் இங்கிலீஷ் பேப்பரில் அடி வாங்கி எழுந்திருக்கிறான். கணக்கில் பரவாயில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான் என்று அக்காவுக்குத்தான் கவலை.

போன மாதம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் சாப்பாட்டு மேஜையில் கேட்டான். "சார், நீங்க எந்த காலேஜ்?"

பெயரை முழுசாக, ஊரோடு சேர்த்து, சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மேஜையில் மேனேஜரே திரும்பிப் பார்த்தார்.

"கேள்விப்பட்டதே இல்லையே சார். எங்க இருக்கு?"

"தஞ்சாவூர் போய் இறங்கு தம்பி. அங்கேர்ந்து பஸ் இருக்கு."