ஜூரி முன் முழு உண்மை வேண்டும்

அரிசோனா காட்டுப்பாதையில் 2004 மே மாதம், தனியே நடந்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியரை நோக்கி, சங்கிலி இல்லாத நாய்கள் பாய்ந்து வந்தன. அவர் தரையில் சுட்டார், நாய்கள் விலகின. அவற்றுடன் வந்தவர் கத்திக்கொண்டே தன்னை நோக்கி ஓடிவந்ததால் உயிருக்குப் பயந்து சுட்டதாக ஆசிரியர் சொன்னார். அந்த மனிதர் இறந்துபோனார். நேரில் பார்த்தவர் யாருமில்லை.

பின்னர் நடந்த கொலை வழக்கில், இறந்தவரின் முந்தைய மூர்க்கத்தைப் பற்றிய சாட்சியத்தில் பெரும்பகுதி ஜூரியின் காதுக்கே எட்டவில்லை. 2006-ல் ஆசிரியருக்குப் பத்தாண்டுச் சிறை; 2009-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்து. ஜூரியை நோவதில் நியாயமில்லை. பாதிக் கதையைக் கேட்டவர்கள் முழுத் தீர்ப்பு எப்படிச் சொல்வார்கள்? தற்காப்பு அல்ல என்று அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும் என 2006-ல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தியது சரியான முடிவு. நாயை அவிழ்த்துவிடுபவரின் பொறுப்பையும் சட்டம் அதே கண்டிப்புடன் வரையறுக்க வேண்டும்.