அனுசரித்துப் போகச் சொல்லும் சட்டம்

“கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா.” அடிபட்டு அம்மா வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் பெற்றவர்கள் சொல்கிறார்கள், ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள், காவல் நிலையத்திலும் சொல்கிறார்கள். தோழர்களே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? இரட்டைக் குவளை வைத்த டீக்கடையிலும் தேர் நுழையாத தெருவிலும் நம் பாட்டன்மாரிடம் சொன்னது இதேதான்: ஊரோடு அனுசரித்துப் போ. சேரிக்குச் சொன்னால் அது சாதித் திமிர் என்று உடனே புரிகிறது. பெண்ணுக்குச் சொன்னால் மட்டும் அறிவுரை ஆகிவிடுகிறதா?

அனுசரிப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வேலை போனாலும் நோய் வந்தாலும் இருவரும் சேர்ந்து வளைந்து கொடுக்கத்தான் வேண்டும். ஒருத்தி மட்டுமே காலம் முழுக்க வளைய வேண்டும் என்றால் அதற்குப் பெயர் அடிமைத்தனம்.

விவாகரத்து நம் பண்பாட்டில் இல்லை என்கிறார்கள். யார் பண்பாட்டில்? நம் சேரிகளிலும் உழைக்கும் சாதிகள் பலவற்றிலும் ‘தீர்த்துவிடுவது’ காலங்காலமாக உண்டு. பெரியவர்கள் முன்னால் பேசிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு, பெண் மறுபடி கல்யாணம் செய்துகொள்வாள். அந்தப் பஞ்சாயத்தும் ஆண்கள் பஞ்சாயத்துதான். ஆனாலும் வெளியேற ஒரு வாசல் இருந்தது. அதற்காகவே ‘அறுத்துக் கட்டுற சாதி’ என்று நம்மை ஏசினார்கள். கணவனோடு எரிவது பெருமை, பிரிந்து வாழ்வது கேவலம்! இதுதான் அவர்கள் பண்பாடு.

சட்ட அமைச்சராக இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக வாதாடிய அண்ணல் அம்பேத்கர் இதையே அவையில் எடுத்துச் சொன்னார். சூத்திரர் எனப்படும் பெரும்பான்மை மக்களிடம் மணவிலக்கு வழக்கத்தில் உண்டு. சிறுபான்மையின் வழக்கத்தை எல்லோர் மீதும் சுமத்துவது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. மசோதா முடக்கப்பட்டது. 1951இல் அவர் பதவி விலகியதற்கு அதுவும் முக்கியக் காரணம்.

1955இல் வந்த இந்துத் திருமணச் சட்டம் மணவிலக்கை ஏற்றது. ஆனால் எதிராளியின் குற்றத்தை நிரூபிக்கச் சொன்னது. பரஸ்பர சம்மதம் என்ற வழி 1976இல்தான் சேர்ந்தது. கணவன் சம்மதிக்காவிட்டால்? ஒற்றை அறை வீட்டுக்குள் நடந்த கொடுமைக்கு அவள் யாரைச் சாட்சிக்கு அழைப்பாள்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசும் போகிறது. இத்தனைக்கும் மேலே, பிரிந்துபோன துணையைத் திரும்ப வந்து வாழச் சொல்லும் 9ஆம் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த இந்தச் சரக்கை அந்த நாடே 1970இல் தூக்கி எறிந்துவிட்டது.

29(2) பிரிவு வழக்காற்று மணவிலக்கைக் காப்பாற்றுகிறதே என்பார்கள். ஏட்டில் சரி. அப்படியொரு வழக்கம் தன் சமூகத்தில் உண்டென்று நிரூபிக்கும் சுமை அதைச் சொல்பவர் தலையில்தான். முத்திரைத்தாளில் எழுதிய தீர்வை நம்பி மறுமணம் செய்தவள், நாளை ஜீவனாம்சமோ குடும்ப ஓய்வூதியமோ கேட்டுப் போனால், “உன் கல்யாணமே செல்லாது” என்று எதிர்த்தரப்பு சொல்ல வழி இருக்கிறது.

மீளமுடியாதபடி முறிந்த மணத்தைக் கலைக்கச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1978இலும் 2009இலும் பரிந்துரைத்தது. 2013இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் அப்படி மணவிலக்கு தரலாம் என்று 2023இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. மாவட்டக் குடும்பநல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. டெல்லி வரை வழக்கை இழுக்க முடிந்தவருக்கு ஒரு நீதி, நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு வேறு நீதி!

வழி எளிதானால் ஆண்கள் மனைவியைக் கைகழுவிவிடுவார்கள் என்ற அச்சத்தை நாம் தள்ளிவிடவில்லை. இன்றைய சட்டத்திலும் எத்தனையோ பேர் விவாகரத்தே இல்லாமல் கைகழுவிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். பணப் பாதுகாப்போடு சேர்ந்த சீர்திருத்தமே நாம் கேட்பது.

சாதி மறுப்புத் திருமணங்களுக்கு மேடை போடும் தோழர்களுக்கும் ஒரு சொல். புகுந்த வீட்டில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்படும் தலித் பெண்ணிடம், “பிரிந்தால் எதிரிகள் சிரிப்பார்கள், பொறுத்துக்கொள்” என்று சொல்லாதீர்கள். இயக்கத்தின் மானத்தை அவள் முதுகில் ஏற்றாதீர்கள். மணமக்களை வாழ்த்திய மேடை, அவள் வெளியேறும்போதும் கூட நிற்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்:

1. முறிந்த மணத்தைக் கலைக்கும் அதிகாரம் குடும்பநல நீதிமன்றங்களுக்கு வேண்டும். மனைவி, பிள்ளைகளின் பணப் பாதுகாப்பை உறுதி செய்த பிறகே தீர்ப்பு.
2. மணவாழ்க்கையில் சேர்த்த சொத்தில் பெண்ணுக்குப் பங்கு.
3. 9ஆம் பிரிவு நீக்கம். மற்ற மதச் சட்டங்களில் உள்ள இதுபோன்ற பிரிவுகளும் போக வேண்டும்.
4. இருவரும் மனமொப்பிச் செய்துகொண்ட வழக்காற்று மணவிலக்கைப் பதிவு செய்ய எளிய முறை.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றே ஒரு வேலையைத் தொடங்கலாம். உங்கள் தெருப் பாட்டிகளிடம் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் எப்படித் தீர்த்துவிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எந்த ஊர், யார் முன்னால், என்ன கொடுத்தார்கள் என்று விவரமாக எழுதுங்கள். வழக்கத்தை நிரூபி என்று நீதிமன்றம் கேட்கும் நாளில் அந்த நோட்டு ஒருத்திக்குக் கைகொடுக்கும்.

ஜெய் பீம்!