கடிதம் போதாது, மிட்வைஃப் அக்கா வரவேணும்

எங்களில் ஒருத்தியின் தங்கச்சி ஆறாம் வகுப்பு. போன வருசம் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். எச்.பி.வி. தடுப்பூசி போடச் சம்மதமா எண்டு கேட்டிருந்தது. ‘கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்’ என்ற இடத்தில் அம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டார். “பத்துப் பதினொரு வயசுப் பிள்ளைக்கு ஏன் இது?” கடிதம் ரெண்டு நாள் பிரிட்ஜுக்கு மேல கிடந்தது. பிறகு கையெழுத்தில்லாமலே திரும்பிப் போனது.

ஊசிக்குப் பயந்த அம்மா இல்லை அவர். பிறந்தவுடன் பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்குமான ஊசி, 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து ஊசி என்று ஒன்றையும் தவறவிட்டதில்லை. கிளினிக் கார்டைப் பார்த்தால் தெரியும். அப்ப மட்டும் ஏன் கேள்வி வரவில்லை? கேள்வி வந்தது. பதில் சொல்ல மிட்வைஃப் அக்கா இருந்தார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே வீட்டுக்கு வந்தவர், பிள்ளையின்ர பெயர் தெரிந்தவர். “இண்டைக்கு ராத்திரி காய்ச்சல் காயும், பயப்பிடாதேங்கோ” எண்டு முதலே சொல்லிவிட்டுப் போவார். அந்த நம்பிக்கையில்தான் அம்மாமார் கையை நீட்டிக் கொடுத்தார்கள்.

பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் அந்த உறவு அறுந்துபோகுது. அதற்குப் பிறகு வருவது ஒரு குழு, ஒரு வரிசை, ஒரு கடிதம். ஏழாம் வகுப்பில் எங்களுக்கு ஏற்பு ஊசி போட்டார்கள். என்ன ஊசி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அழுதவர்களைப் பார்த்துச் சிரித்ததுதான் ஞாபகம்.

எச்.பி.வி. ஊசியை அப்படிப் போட்டுவிட்டுப் போக ஏலாது. அந்த வைரசு பெரும்பாலும் பாலுறவால் தொற்றுவது. தொற்றுவதற்கு முதலே போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும், அதனால்தான் இந்த வயது. விசயம் இவ்வளவுதான். ஆனால் ‘பாலுறவு’ என்ற சொல்லுக்குக் கடிதமும் பயப்பிடுது, ரீச்சரும் பயப்பிடுறா. சொல்லாமல் விட்ட இடத்தில் “பிறகு பிள்ளை பிறக்காதாம்” என்ற வாட்ஸ்அப் கதை வந்து குந்திக்கொள்ளுது. இலங்கையில் இந்த ஊசி 2017இல்தான் தொடங்கியது. நாங்கள் அதற்குள் ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்டோம். தங்கச்சிமாருக்கு இலவசமாக வருவது ஒரு கடிதத்தோடு நின்றுபோவதைப் பார்க்க எரிச்சல் வருகிறது.

சுகாதாரப் பகுதியில் ஆள் பற்றாக்குறை, உண்மைதான். ஆனாலும் ஊசி போடும் நாளுக்கு முதல் ஒரு பெற்றார் கூட்டத்துக்கு அந்த ஊர் மிட்வைஃப் அக்காவைக் கூப்பிடலாம். அம்மாமார் ஏசு வாங்காமல் கேள்வி கேட்க வேணும். பிள்ளைகளுக்கும் தனியாகச் சொல்ல வேணும், ஊசி ஏறுவது அவர்களின் கையில்தானே. ‘எங்கட நாட்டில எல்லாரும் ஊசி போடுறவை’ எண்டு இருந்துவிடவும் ஏலாது. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எங்களை அறிவித்தது. 2023இல் அது திரும்பி வந்தது.

அந்த அம்மா பிறகு சந்தையில் அதே மிட்வைஃப் அக்காவைக் கண்டிருக்கிறார். மரக்கறிப் பையோடு நின்றபடியே பத்து நிமிசம் கதைத்தார்களாம். அடுத்த கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு எம்.ஓ.எச். கந்தோருக்குப் போனார்.